சாவி கைக்கு வரும் முன்னே

கேள்வி: மகனுக்குச் சென்னையில் வேலை. இணையத்தில் பார்த்த வேளச்சேரி வீட்டுக்கு வாடகை 9,000 ரூபாய்தான். உரிமையாளர் ராணுவத்தில் இருக்கிறாராம், அடையாள அட்டையும் அனுப்பினார். வீடு பார்க்க 'கேட் பாஸ்' கட்டணம் 2,500 கேட்கிறார். அனுப்பலாமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: வேண்டாம் அம்மா, ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ராணுவ அட்டை இந்த மோசடிக்காரர்களின் பழைய வேஷம். பார்த்ததும் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது. 'எல்லையில் பணி' என்றால் அவர் நேரில் வராததற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. 2,500 கொடுத்தால் அடுத்து அட்வான்ஸ் கேட்பார். 'திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க' என்பார். யுபிஐயில் பணம் வாங்க ரகசிய எண் (PIN) தேவையே இல்லை. அதைப் போட்டால் போவது உங்கள் பணம்.

ஏமாறுகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், தங்க இடமில்லை. அந்த நேரத்தில் 'இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க' என்று ஒரு குரல் அவசரப்படுத்தினால் யாருக்கும் கை நடுங்கும்.

சென்னையில் தெரிந்தவர் ஒருவரை அந்த முகவரிக்கு அனுப்புங்கள். வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ விசாரித்தாலே தெரிந்துவிடும். படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால், அதே ஹால் வேறு ஊர் விளம்பரத்திலும் இருக்கலாம்.

ஒருவேளை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? கூச்சப்படாமல் இப்போதே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். மோசடிக்காரர்கள் எடுப்பதற்குள் பணத்தை முடக்க வாய்ப்புண்டு.