பழைய மென்பொருளும் புதிய கணிப்பொறியும்

ஏடு செல்லரித்தால் படியெடுத்துக் காக்கலாம். மென்பொருளோ ஓர் எழுத்தும் சிதையாமல் இருந்தும் இயங்காமற் போகக்கூடியது. அதன் காரணத்தையும், அதனை மீண்டும் இயக்கும் வழியையும் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

மென்பொருள் என்பது குறிப்பிட்ட ஒரு பொறிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதியாகும். 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதற்கென எழுந்த டாஸ் நிரல்கள் 16 பிட் கட்டளைகளால் ஆனவை. 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை.

வேகமும் சில வேளை பகையாகும். 1992-ல் வந்த டர்போ பாஸ்கல் 7-ஐக் கொள்வோம். அதில் எழுதிய நிரல்கள் பல, தொடங்கியவுடன் 55 மில்லிநொடியில் எத்தனை சுற்றுகள் முடிகின்றன என எண்ணி, அத்தொகையை 55-ஆல் வகுக்கும். விடை 65,535-க்குள் அடங்க வேண்டும். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய பெண்டியம் வந்தபோது விடை அவ்வெல்லையைக் கடந்தது. நிரல் ‘பூச்சியத்தால் வகுத்தல்’ என்னும் 200-ஆம் பிழையைக் காட்டி நின்றுவிட்டது.

இதற்குத் தீர்வு, புதிய கணிப்பொறிக்குள் பழைய கணிப்பொறி ஒன்றைப் பாவனையாக அமைப்பதே. 2002-ல் முதலில் வெளிவந்த டாஸ்பாக்ஸ் இதனைச் செய்கிறது. இதனை இலவசமாகப் பெறலாம். நம் நாட்டுக் கல்லூரிகளில் டர்போ சி பயின்றோர் பலர் இதனை அறிவர். முதலில் பழைய வட்டின் படியொன்றை எடுத்து, மூலத்தைத் தொடாது வைக்க வேண்டும். பின்னர் ‘மவுண்ட்’ கட்டளையால் படியுள்ள அடைவைச் சி வட்டாக இணைத்து, நிரலை அழைக்க வேண்டும். ஓட்டம் மிகுந்தால் கண்ட்ரோல் விசையுடன் எஃப் 11-ஐயும், குறைந்தால் எஃப் 12-ஐயும் அழுத்துக.

இது வெறும் விளையாட்டா எனின், தமிழருக்கு இதில் தனிப்பயன் உண்டு. கனடாவில் முனைவர் சீனிவாசன் 1984-ல் ‘ஆதமி’ என்னும் தமிழ் எழுதியை ஆக்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1993-ல் ‘மயிலை’ எழுத்துருவை அளித்தார். யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் தந்தபோதிலும், அது பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் எண்முறை கொண்டிருந்தது. கோப்பில் இருப்பவை எண்களே. உரிய எழுத்துரு இல்லையேல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே திரையில் தோன்றும். பழைய மென்பொருளை இயக்கினால் எந்த எண் எந்த எழுத்து என அறியலாம். அறிந்தபின் யூனிகோடுக்கு மாற்றலாம்.

பயிற்சி: காணிப்பாக்கத்தில் விநாயக சதுர்த்தியையொட்டி 21 நாள் பிரமோற்சவம் நடைபெறுகிறது. இத்தகைய விழாக்களின் அழைப்பிதழ்களும் மலர்களும் சித்தூர், திருப்பதி வட்டார அச்சகங்களின் பழைய வட்டுகளில் இன்னும் கிடக்கக்கூடும். மாணவர்கள் உரியவரின் இசைவுடன் ஒரு வட்டையேனும் பெற்றுப் படித்துப் பார்ப்பாராக. வட்டின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் நலிவதால், இப்பணியைத் தள்ளிப்போடுதல் நன்றன்று.