மாநகரத்து உண்டிச்சாலைகள்

உணவை விலைக்கு விற்றல் தமிழகத்தில் புதிய வழக்கமன்று. புகார் நகரத்து வீதியில் பிட்டு விற்ற காழியரையும் அப்பம் விற்ற கூவியரையும் இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் காட்டுகின்றார். ஆயினும், முன்பின் அறியாதார் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து உண்ணும் உண்டிச்சாலைகள் சென்னையில் பெருகியது அண்மைக் காலத்தேயாம்.

கல்வியும் தொழிலும் நாடி அந்நகரத்திற்கு வந்தோர் பலர். அவர்தம் பசி தீர்க்கக் காப்பிக் கடைகளும் உணவு விடுதிகளும் எழுந்தன. உடுப்பிப் பகுதியினர் இத்தொழிலில் பெரும்பெயர் பெற்றனர். அவருள் ஒருவராகிய கிருஷ்ணராவ் 1938-இல் உட்லண்ட்ஸ் விடுதியை நிறுவினார். 1951-இல் மவுண்ட் ரோட்டில் தோன்றிய புகாரி உணவகம் பிரியாணிக்குப் பேர்போனது.

பசி எல்லார்க்கும் பொது. பந்தியோ பொதுவாக இருந்ததில்லை. பல விடுதிகளில் பிராமணர்க்குத் தனியிடம் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் பலர்க்கு வாயிலே மூடியிருந்தது. அவர் கையிலிருந்த காசும் அதே அரசினர் காசுதான்! 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, சாதி கருதி எவரையும் பொது உணவு விடுதியில் தடுத்தலாகாது என விதித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், தீண்டாமையின் பெயரால் அவ்வாறு தடுப்பதைத் தண்டனைக்கு உரியதாக்கியது. ஆயினும் ‘பிராமணாள்’ என்னும் சொல் பெயர்ப்பலகைகளை விட்டு உடனே அகலவில்லை. அச்சொல்லை நீக்குமாறு, 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியார் மறியல் தொடங்கினார். தொண்டர் பலர் சிறை புகுந்தனர்.

2013-இல் மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தது. ஓர் இட்டலியின் விலை ஒரு ரூபாய். மூட்டை சுமப்பவரும் வேலை தேடி வந்த பட்டதாரியும் தட்டேந்தி ஒரே வரிசையில் நின்றனர். எவர் எக்குலத்தார் என்று அங்கே வினவுவாரில்லை.