பாதி வரியில் நிற்கும் பென்சில்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்குப் புதிதாகப் படிப்பிக்க வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

வலிப்பென்றால் விழுந்து, கைகால் இழுத்து, நுரை தள்ளுவது என்றுதான் லயத்தில் தெரியும். விழாமலே வருகிற வலிப்பும் உண்டு. பெரும்பாலும் நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்கும். தாய் கொழுந்து மலையில் நிற்கிற நேரம் பிள்ளை உங்கள் கண்முன்னால்தான் இருக்கிறது.

1. கொப்பியைப் பாருங்கள். சொல்வதெழுதலில் பிழை விடுகிற பிள்ளை வேறு, சொல்லையே விடுகிற பிள்ளை வேறு. ஆறு சொல் சரி, அடுத்த இரண்டைக் காணோம், பிறகு மறுபடி எல்லாம் சரி. சில கொப்பியில் எழுத்தின் வால் கோடாகக் கீழே இழுபட்டிருக்கும்.

2. அடுத்தது முகம். வாசிப்பு திடீரென நிற்கும். கண் குத்திட்டிருக்கும், இமை படபடக்கும், சில பிள்ளைகள் சப்புக்கொட்டும். 5 முதல் 15 செக்கன்தான். பிறகு ஒன்றும் நடக்காதது போல வாசிக்கும். மயக்கமோ களைப்போ இராது. ஒரே நாளில் பல தடவை வரும்.

3. பராக்குப் பார்ப்பது சலிப்பில் வருவது. தோளைத் தொட்டால் கலையும். இந்த வலிப்பு சோறு தின்னும்போதும் வரும், பந்து பிடிக்கும்போதும் வரும். தொட்டாலும் கலையாது, பிரம்பை ஓங்கினாலும் கலையாது.

4. அந்த நேரம் செய்ய ஒன்றுமில்லை. கையில் இரும்பைத் திணிக்கவேண்டாம். தெளிந்ததும் கடைசி வசனத்தை மறுபடி சொல்லிக்கொடுங்கள். விழுந்து இழுத்தாலோ, ஐந்து நிமிடம் தாண்டினாலோ ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 1990க்கு அடியுங்கள். வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் வண்டிக்குக் காசில்லை.

5. திகதி, நேரம், எத்தனை செக்கன், அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று குறித்து வையுங்கள். வீட்டார் சம்மதித்தால் போனில் வீடியோ எடுங்கள். டொக்டர் முன்னால் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். அவர் மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச்சொல்லிப் பார்ப்பார், ஈ.ஈ.ஜி. எழுதுவார். மூச்சுச் சோதனையை வகுப்பில் நீங்கள் செய்து பார்க்காதீர்கள்.

6. தாயிடம் சொல்வதுதான் கஷ்டமான வேலை. கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. பெண்பிள்ளையென்றால் தாயின் மனம் கலியாணப் பேச்சு வரைக்கும் ஓடிவிடும். ஆகவே பிரட்டுக்களத்தில் நாலுபேர் காதில் விழச் சொல்லாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, கொப்பியை விரித்துக் காட்டுங்கள். மருந்துக்குக் கேட்கிற வருத்தம், பல பிள்ளைகளுக்கு வாலிபத்துக்குள் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறிப்பைக் கடிதமாக எழுதி டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியாவுக்கோ கொடுத்தனுப்புங்கள்.

7. பக்கத்துக் காம்பராவில் ஒருவர் வலிப்புக்குக் குடிக்கிற மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. கார்பமசெபின், பெனிட்டோயின் போன்றவை இந்த வகை வலிப்பைக் கூட்டிவிடலாம். டொக்டர் தந்ததைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

8. இந்தப் பிள்ளையைப் பீலியிலும் ஆற்றிலும் தனியே குளிக்க விடக்கூடாது, விறகடுப்பருகே கவனம் தேவை, ரோட்டைக் கடக்க ஒரு கூட்டாளி வேண்டும். விளையாட்டுப் போட்டியில் பெயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஓடட்டும்.