வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்

வடகிழக்குப் பருவமழையில் வடசென்னையின் கொருக்குப்பேட்டை, சடையங்குப்பம், எண்ணூர்க் குப்பங்களில் தெருத் தண்ணீர் வடியவே சில நாள் ஆகிறது. காய்ச்சலோ அது வடிந்த பிறகுதான் தொடங்கும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் அசுத்தத் தண்ணீரில் இறங்கி 5 முதல் 14 நாள் கழித்தே வரும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் வெள்ளமே மறந்துபோயிருக்கும். ஆகவே காய்ச்சலோடு போனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "பத்து நாளைக்கு முன்னாடி சாக்கடை கலந்த தண்ணியில நின்னேன் டாக்டர்." எந்த மருந்தை எப்போது தொடங்குவது என்பதை அந்தத் தகவல் மாற்றிவிடும்.

எலி, நாய், மாடு, பன்றி இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி உடம்புக்குள் போகிறது. கால் வெடிப்பு, வலைக்கயிறு அறுத்த கை, கண், மூக்கு என எந்த வழியும் அதற்குப் போதும். 1915 வாக்கில் ஜப்பானில் இனாடா, இடோ என்ற மருத்துவர்கள் இந்தக் கிருமியைக் கண்டறிந்தது ஈரத்தில் நின்று வேலை செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான். இன்றும் இது உழைப்பவர்களின் நோயாகவே இருக்கிறது. காசிமேட்டில் மீன் இறக்குபவர், கால்வாய் தூர்வாருபவர், கிடங்கில் நனைந்த மூட்டை தூக்குபவர் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும்.

திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, தொட்டாலே தாங்காத கெண்டைக்கால் வலி: இவை சேர்ந்து வந்தால் அன்றே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆரம்பத்தில் டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் வேறு மருந்து உண்டு. தள்ளிப்போட்டால் சிலருக்கு மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக்கசிவு வரை போகும். அப்போது ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையில் சேர்த்து, ஊசி வழியாக பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் கொடுக்க வேண்டியிருக்கும், டயாலிசிஸும் தேவைப்படலாம். முதல் சில நாளில் ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று காட்டினாலும் நம்பி விட்டுவிடாதீர்கள். எதிர்ப்பொருள் தெரிய ஒரு வாரம் ஆகலாம்.

ஒரு நாள் கூலி போய்விடுமே என்று வலி ஊசி போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்களின் நெருக்கடி புரிகிறது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். வந்திருப்பது எலிக்காய்ச்சலாக இல்லாமல் டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் ப்ரூஃபெனும் டைக்ளோஃபெனாக் ஊசியும் ரத்தக்கசிவைத் தூண்டிவிடும். மருத்துவர் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். டெங்குவில் 3 முதல் 7-ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று நிம்மதி அடைந்துவிடாமல் அடுத்த இரண்டு நாளும் கண்காணியுங்கள். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், ஜில்லிட்ட கைகால் எது தென்பட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வெள்ளம் கொண்டுவருவது காய்ச்சலை மட்டுமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தபோது மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு அதை அள்ளினார்கள். தோலில் அப்படி எண்ணெய் ஒட்டினால் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ போட்டுத் தேய்க்காதீர்கள், தோல் வெந்துபோகும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

தினமும் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டியவர்கள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் கேட்டு வாங்குங்கள். பூட்ஸ் தருவது முதலாளியின் கடமை, சலுகை அல்ல. வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் தடுப்பாக உங்களுக்குத் தேவையா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தேவை என்றால் சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள்.

வீட்டில் காய்ச்சல்காரர் இருந்தால் அவர் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறார் என்று கவனியுங்கள். 6 மணி நேரமாகப் போகவில்லை என்றாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.