குச்சனூர்ல ஓடுற கார்டு சிங்கப்பூர்ல ஓடுமா? விமானம் ஏறுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



ஆடி சனிக்கிழமை நம்ம குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போனா, எள் தீபம் விக்கிற அக்காகிட்டகூட க்யூஆர் அட்டை இருக்கு. போனை நீட்டுனா பணம் போயிடுது. எங்க அப்பா அந்தத் தைரியத்துலதான் அம்மாவைக் கூட்டிக்கிட்டு, சிங்கப்பூர்ல இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்கு மதுரையில விமானம் ஏறினார்.

இரண்டாம் நாள் தங்கச்சி வேலைக்குப் போனதும், ரெண்டு பேரும் தேக்கா பார்க்கக் கிளம்பியிருக்காங்க. அங்க ரயில் நிலையத்துல வங்கி கார்டையே கேட்ல தட்டிட்டு உள்ள போகலாம். அப்பா தட்டினார். கேட் திறக்கல. திரும்பத் தட்டினார். அப்பவும் திறக்கல. பின்னாடி வரிசை நிக்குது, கையில அந்த ஊர்க் காசு இல்ல. அக்கவுன்ட்ல ரெண்டு லட்சம் இருந்தும் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அப்பா யார்கிட்டயும் சரியா பேசல.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இது நடக்கக் கூடாது. என்ன செய்யணும்னு பார்ப்போம்.

1. கார்டுல என்ன லோகோ இருக்குன்னு பாருங்க

நம்ம ஊர்ப் பக்கம் வங்கியில குடுக்கிற டெபிட் கார்டு நிறைய ரூபே கார்டுதான். உள்நாட்டுக்கு மட்டும் குடுத்த ரூபே கார்டு வெளிநாட்டு மெஷின்ல ஓடாது. அப்பாவோட கார்டு அந்த வகை. சிங்கப்பூர் ரயில், பஸ்ல தட்டணும்னா விசா அல்லது மாஸ்டர்கார்டு வேணும். கார்டுல வைஃபை மாதிரி நாலு வளைகோடு இருக்கணும். அது இருந்தாதான் தட்டிப் பணம் கட்டலாம். பயணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே கிளைக்குப் போய் கேளுங்க. புது கார்டு கைக்கு வர நாள் ஆகும்.

2. சுவிட்சை ஆன் பண்ணுங்க

ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டு வந்த விதிப்படி, புது கார்டு இந்தியாவுக்குள்ள ஏடிஎம்லயும் கடை மெஷின்லயும் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகம், ஆன்லைன், தட்டிக் கட்டுறது எல்லாத்தையும் நாமதான் ஆன் பண்ணணும். வங்கி ஆப்ல 'இன்டர்நேஷனல்' பகுதிக்குப் போங்க. கடை, தட்டிக் கட்டுறது, ஏடிஎம் மூணையும் ஆன் பண்ணி, தினசரி லிமிட் வைங்க. ஆன்லைனை ஆஃப்லயே விடுங்க. வெளிநாட்டு வெப்சைட் பலதுல ஓடிபி கேட்காமலே பணம் எடுக்க முடியும். ஊர் திரும்பினதும் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க.

3. "ரூபாயா, டாலரா?"ன்னு கேட்டா டாலர்னு சொல்லுங்க

அடுத்த தடவை அப்பா விசா கார்டோட போனார். கார்டு ஓடுச்சு. ஆனா கடை மெஷின் ரூபாயையும் டாலரையும் காட்டினப்ப ரூபாயை அமுக்கிட்டார். "நமக்குத் தெரிஞ்ச காசுல காட்டுச்சு, அதான்"னார். காசு அதிகமா போறது இந்த இடத்துலதான்.

கணக்குக்கு 1 சிங்கப்பூர் டாலர் ₹70-னு வச்சுக்குவோம். 100 டாலருக்கு சாமான் வாங்குறீங்க.

- டாலர்ல கட்டினா: ₹7,000. வங்கியோட அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5%-னா ₹245. அதுக்கு 18% ஜிஎஸ்டி ₹44. மொத்தம் ₹7,289.
- ரூபாயில கட்டினா: மெஷின் தன் இஷ்டத்துக்கு ஒரு டாலரை ₹74-னு போடுது, ₹7,400. "வெளிநாட்டு மெஷின்ல தட்டினீங்க"ன்னு பல வங்கிகள் அதுக்கு மேல தங்களோட கட்டணத்தையும் போடுவாங்க. அதே 3.5%, ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் ₹7,706.

ஒரே சாமானுக்கு ₹400-க்கு மேல வித்தியாசம். ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும். எந்த நாட்டுல நிக்கிறீங்களோ அந்த நாட்டுக் காசையே அமுக்குங்க. கட்டண விகிதம் கார்டுக்குக் கார்டு மாறும், கிளம்புறதுக்கு முன்னாடியே வங்கியில கேட்டுக்கோங்க.

4. தட்டுறதுலயும் கணக்கு இருக்கு

சிங்கப்பூர் ரயில், பஸ்ல வெளிநாட்டு வங்கி கார்டைத் தட்டினா, பயன்படுத்துற ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு தனிக் கட்டணம். ரெண்டு நாள் பயணத்துக்குப் பரவாயில்ல. பேரப்பிள்ளையைப் பார்த்துக்க ஒரு மாசம் தங்குறவங்க தினமும் தட்டினா 18 டாலர், நம்ம கணக்குல ₹1,260, ஒருத்தருக்கு மட்டும். அவங்க அங்கேயே ஈஸி-லிங்க் கார்டு வாங்கி பணம் போட்டுக்கிறது லாபம்.

ஒரு கார்டுல ரெண்டு பேர் போக முடியாது. உள்ள போகத் தட்டின அதே கார்டைத்தான் வெளிய வரவும் தட்டணும்.

மதுரையிலிருந்து கொழும்பு போறவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில யுபிஐ வந்துடுச்சு. ஆப்ல 'யுபிஐ இன்டர்நேஷனல்' ஆன் பண்ணிட்டா, அதை ஏத்துக்கிற கடைகள்ல ஸ்கேன் பண்ணலாம்.

5. கார்டு தொலைஞ்சா?

முதல்ல ஆப்ல பிளாக் பண்ணுங்க, அப்புறம் தேடுங்க. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வங்கி மேலயும் தப்பில்லாம உங்க மேலயும் தப்பில்லாம வெளியாள் பணம் எடுத்திருந்தா, வங்கித் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள புகார் குடுத்தா நஷ்டம் உங்களுக்கு இல்ல. ஆனா பின் நம்பரை கார்டு உறையில எழுதி வச்சிருந்தா, புகார் குடுக்கிற வரைக்கும் போனது உங்க கணக்குலதான். வங்கியோட அவசர நம்பரை பாஸ்போர்ட் கவர்ல எழுதி வைங்க. பழைய சிம்முக்கு ரோமிங் போட்டுட்டுப் போங்க, எஸ்எம்எஸ் வரணும்.

கடைசியா ஒண்ணு: ரெண்டு கார்டு எடுத்துட்டுப் போய் ரெண்டு பையில வைங்க. கொஞ்சம் அந்த நாட்டுக் காசையும் இங்கேயே மாத்திட்டுப் போங்க. முதல் நாள் அப்பா கையில பத்து டாலர் இருந்திருந்தா, ரெண்டு பேரும் தேக்காவுல இட்லி சாப்பிட்டுட்டு வந்திருப்பாங்க.

ஆப்ல சுவிட்ச் எங்க இருக்குன்னு நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன். அப்பா அம்மாவைப் பக்கத்துல உட்கார வச்சு, அவங்க கையாலயே ஒரு தடவை ஆன் பண்ணச் சொல்லுங்க.