கொல்கத்தாவைத் தாக்கும் இருவகைப் புயல்கள்

மேற்கு வங்க மாநிலத்தின் தலைநகரான கொல்கத்தாவில் வீசும் புயல்கள் இருவகைப்பட்டவை. ஒன்று நிலப்பரப்பில் தோன்றி வடமேற்கிலிருந்து வருவது. மற்றொன்று வங்காள விரிகுடாவில் தோன்றித் தெற்கிலிருந்து வருவது. முன்னதற்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரமே. பின்னதற்குச் சில நாட்கள் கிடைக்கும். இவ்வேற்றுமையை உணர்ந்தாலன்றி வானிலை எச்சரிக்கையினால் முழுப்பயன் பெறுதல் இயலாது.

1. கால்பைசாகி

வங்காளிகளின் வைசாக மாதம் தமிழரின் சித்திரைக்கு ஒப்பானது. அக்காலத்தில் மிகுதியாக வீசுவதால் முதல்வகைப் புயலுக்குக் 'கால்பைசாகி' என்று பெயர். மார்ச் முதல் மே வரையில் இது தோன்றும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தரையை ஒட்டி வீச, அதற்கு மேலே மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. பகல் வெயிலால் சோட்டா நாகபுரிப் பீடபூமி சூடேறும்போது ஈரக்காற்று விரைந்து மேலெழுந்து, பிற்பகலில் இடிமுகில்களாகத் திரள்கிறது. இவை தென்கிழக்காக நகர்ந்து மாலையில் கொல்கத்தாவை அடையும். மழையோடு கீழிறங்கும் குளிர்காற்று தரையிற் பரவிச் சூறையாக வீசும். வெப்பநிலை சட்டெனக் குறையும். இம்மழை சணற்பயிருக்கு நன்மை தருவது. ஆலங்கட்டியோ மாம்பிஞ்சுகளை உதிர்த்துவிடும்.

இப்புயலில் உயிருக்குப் பெருங்கேடு மின்னலே. ஒலி ஒரு கிலோ மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 வினாடி ஆகும். ஆகவே, மின்னல் தோன்றி 30 வினாடிக்குள் இடி கேட்குமாயின், மின்னல் 10 கிலோ மீட்டருக்குள் உள்ளது என்று கொள்ளலாம். வயலில் இருப்போர் உடனே கட்டடத்திற்குள் செல்ல வேண்டும், மரத்தடியில் ஒதுங்கலாகாது. கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளிவருதல் நலம்.

2. கடற்புயல்

ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் கடற்புயல்கள் உருவாகக்கூடும். 'சைக்ளோன்' என்னும் ஆங்கிலச் சொல்லை 1848-இல் படைத்தவர் கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் ஆவார்.

கடற்புயலில் காற்றினும் கொடியது நீர். விரிகுடாவின் தலைப்பகுதி ஆழமற்றது. ஹூக்ளி ஆற்றின் முகமோ புனல் போன்று குறுகிச் செல்வது. ஆதலின், காற்றால் தள்ளப்பட்ட கடல்நீர் உயர்ந்து ஆற்றினுள் ஏறுகிறது. கடலேற்ற நேரமாயின் உயரம் இன்னும் மிகும். 1864 அக்டோபர் 5-ஆம் நாள் இவ்வாறு ஏறிய நீரில் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். இப்பேரழிவின் விளைவாக 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது.

2020 மே 20-ஆம் நாள் 'ஆம்பன்' புயல் மணிக்கு 155 முதல் 165 கிலோ மீட்டர் வேகத்தில் சுந்தரவனப் பகுதியில் கரையைக் கடந்தது. பொருட்சேதம் அளவிறந்தது. ஆயினும் பல இலட்சம் மக்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டிருந்தமையால், மாநிலத்தில் உயிரிழந்தோர் நூற்றுக்கும் குறைவு. அவர்களிற் பலர் விழுந்த மரங்களாலும் மின்கம்பிகளாலும் இறந்தனர்.

புயலின் நடுப்பகுதி ஓரிடத்தைக் கடக்கையில் காற்று திடீரென ஓயும். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் கடுமையாக வீசும். இவ்வமைதியை முடிவென்று கருதி வெளியேறுவோர் ஆபத்துக்கு உள்ளாவர். ஊழியர்கள் இதனை மக்களுக்கு முன்னரே விளக்குதல் வேண்டும். ஆசிரியர்கள், மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட வினாடிகளைப் பள்ளிக் கட்டடத்தினுள் இருந்தவாறே மாணவர்கள் எண்ணிக் கணக்கிடப் பழக்கலாம்.