மாட்டுக்கு ஊசி வலி குறைய

கோமாரித் தடுப்பூசி போட்டால் மாடு துடிக்கும், பால் வற்றும் என்று முகாம் நாளில் மாட்டைக் கொல்லைக்கு ஓட்டிவிடுபவர்கள் உண்டு. களமருதூர் போன்ற ஊர்களில் ஒரு கறவையை நம்பியிருப்பவருக்கு இந்தப் பயம் இயற்கையே. பால் இரண்டொரு நாள் சற்றுக் குறையலாம், பிறகு தேறிவிடும். கோமாரி கண்ட மாடோ பழைய கறவைக்குத் திரும்பாமலே போவதுண்டு.

ஊசியின் எண் கூடக் கூடப் பருமன் குறையும். 16-ஆம் எண் 1.6 மில்லி மீட்டர். 18-ஆம் எண் 1.2; 20-ஆம் எண் 0.9. வலிக்குமே என்று மாட்டுக்கு மிக மெல்லிய ஊசி கேட்பது சரியல்ல. மாடு உதறினால் அது வளையும், ஒடியும்.

உண்மையில் அதிகம் வலிப்பது மழுங்கிய ஊசி. ஒரே ஊசியை மாடு மாடாகக் குத்தினால் முனை மழுங்கித் தோலைக் கிழிக்கும். வலியாவது ஆறிவிடும், தோல் கழலை நோய் அந்த ஊசி வழியே அடுத்த மாட்டுக்குத் தொற்றக்கூடும். மாட்டுக்கொரு புது ஊசி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

துரத்திப் பிடித்த மாடு மிரண்டு திமிறும், வலியும் கூடும். முன்கூட்டியே நிழலில் கட்டி, பழகியவரே மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பது நல்லது. குளிர்ந்த மருந்து சற்றுக் கடுக்கும்தான். அதற்காக வெயிலில் வைத்தால் மருந்தே கெட்டுவிடும்; 2 முதல் 8 டிகிரி குளிரில்தான் அது இருக்க வேண்டும்.

கன்றுக்கு 4 மாதம் முடிந்ததும் முதல் ஊசி, ஒரு மாதத்தில் இன்னொன்று, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் தானே வடியும். சூடாகிப் பெருத்தால் கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும்.